இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு நடுவில் ஈரம்: இரண்டு பக்கமும் துடைத்தாலும் போகவில்லை

காந்திநகர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். வீடு காட்பாடி காந்தி நகரில். கட்டும்போதே ரயில் சத்தமும் மேற்கு வெயிலும் உள்ளே வரக்கூடாது என்று அப்பா பிடிவாதமாக நின்று, மேற்குப் பக்கப் படுக்கையறைகளுக்கு மட்டும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னலில் டபுள் கிளாஸ் போட்டார். ஏழெட்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இந்தக் கத்திரியில் ஒருநாள் சாயங்காலம் திடீரென்று பெருமழை பெய்ததே, அன்று பெரிய அறை ஜன்னலில் கீழ்ப்பாதி வெள்ளையாக மங்கிப் போனது. உள்ளே துடைத்தேன், ஏணி போட்டு வெளியேயும் துடைத்தேன், அப்படியே இருக்கிறது. மறுநாள் வெயில் ஏறியதும் தானாகவே மறைந்துவிட்டது. சரி, விட்டது சனி என்று இருந்தால், இரவு ஏசி போட்டபோது மறுபடியும் வந்துவிட்டது. இப்போது மங்கல் இல்லாத நேரத்தில்கூட கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கறை தெரிகிறது, அது கைக்கு எட்டாத உள்பக்கம்.

ஜன்னல் போட்டுக் கொடுத்த ஆளைக் கேட்டால் பிரேமோடு முழுசாக மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர் கண்ணாடியில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே காற்று விட்டு உலர்த்தித் தருகிறேன், பாதிச் செலவுகூட ஆகாது என்கிறார். யூடியூபில் தேடினால் எல்லாம் பனி கொட்டுகிற ஊர்க்காரர்கள் சொல்வதுதான் வருகிறது, நம் ஊர் வெயிலுக்கு அது பொருந்துமா தெரியவில்லை. யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவசரமாக மாற்றியே ஆக வேண்டுமா, பக்கத்து அறை ஜன்னலும் இப்படிப் போகுமா?

பாலாறு:

முதலில் அது நடுவில் இருக்கிற ஈரம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரவெல்லாம் ஏசி ஓடினால் காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்த்து நிற்கும், விரலால் கோடு போடலாம். அது கண்ணாடி குளிர்ந்து வெளியில் இருக்கிற ஈரக்காற்று படிவது, ஜன்னலில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று நம் ஊர் போர் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீரில் ஜன்னலைக் கழுவிக் கழுவி வெளிப்பக்கம் வெள்ளை பூத்துவிடும், தூரத்தில் இருந்து பார்த்தால் உள்ளே மூட்டம் போட்ட மாதிரியே இருக்கும். துணியில் வினிகர் நனைத்துக் கொஞ்ச நேரம் ஒட்டி வைத்துத் துடைத்துப் பாருங்கள், போனால் உப்பு. நீங்கள் இரண்டு பக்கமும் துடைத்தும் போகவில்லை, வெயிலில் மறைந்து ஏசியில் திரும்புகிறது என்பதால் எனக்கும் இரண்டு கண்ணாடியையும் ஓரத்தில் காற்றுப் புகாமல் மூடியிருக்கிற சீல் போன மாதிரிதான் தெரிகிறது. கண்ணாடித் தொழிலில் இருக்கிறவர்கள் இங்கே உண்டு, அவர்கள் சொல்லட்டும்.

கண்ணாடிக்காரர்:

பாலாறு சொன்னது சரி, தம்பி. உங்களுடையது சீல் போனதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஓரம் சுற்றி ஒரு அலுமினியப் பட்டை தெரியும், அதுதான் ஸ்பேசர். அதன் முகத்தில் ஊசி முனை அளவு ஓட்டைகள் வரிசையாக இருக்கும். பட்டைக்குள் கடுகு மாதிரி மணிகள் நிரப்பியிருப்பார்கள், ஈரத்தை உறிஞ்சுவதற்கு. பட்டைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கறுப்பாக மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது பியூட்டைல். ஈரக்காற்றைத் தடுப்பது முக்கியமாக அதுதான். அதற்கு வெளியே பாலிசல்பைடோ சிலிக்கானோ கனமாகப் பூசி இரண்டு கண்ணாடியையும் இறுக்கிப் பிடித்திருப்பார்கள். எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் வருஷக் கணக்கில் துளித்துளி ஈரம் உள்ளே போகத்தான் செய்யும், அதை அந்த மணிகள் வாங்கிக்கொள்ளும். மணிகள் நிரம்பிய பிறகுதான் மூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் நீங்கள் பார்த்தது அன்று பெய்த மழையில் வந்த பழுது இல்லை. சீல் அதற்கு ரொம்ப நாள் முன்பே போயிருக்கும், சூடான வெளிக் கண்ணாடி மழையில் சட்டென்று குளிர்ந்ததும் உள்ளே இருந்த ஈரம் அதில் படிந்து காட்டிக் கொடுத்துவிட்டது. மதியம் மறைந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஈரம் ஆவியாகி உள்ளேயேதான் சுற்றுகிறது.

குளிர் நாட்டு வீடியோவில் வெளிக் கண்ணாடியின் உள்முகத்தைப் பார் என்பார்கள். அங்கே வெளியில்தான் குளிர். நம் வீட்டில் ஏசி ஓடும்போது அறைப் பக்கக் கண்ணாடிதான் குளிர்ந்தது, மூட்டம் அதில்தான் படியும். மார்கழி விடிகாலையிலும் மழை நேரத்திலும் வெளிக் கண்ணாடியில் படியும். எதில் படிந்தாலும் நோய் ஒன்றுதான்.

பக்கத்து அறை ஜன்னலைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அறைப் பக்கக் கண்ணாடியில் பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். எடுத்ததும் உங்கள் பக்கம் வேர்த்திருப்பதைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். பை இருந்த இடத்தில் கைக்கு எட்டாத பக்கம் மங்கல் வட்டம் விழுந்திருந்தால் அந்த ஜன்னலும் போய்க்கொண்டிருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம்.

அப்புறம் காரணம். மேற்குப் பக்கம், வேலூர் வெயில். மே மாதம் 40 டிகிரி தாண்டுவது நமக்குப் புதிதா என்ன. அந்த நேரத்தில் வெயில் நேரே அடிக்கிற கண்ணாடி காற்றைவிட நன்றாகவே கூடுதல் சூடாகும், கலர் கண்ணாடி என்றால் இன்னும் மோசம். நடுவில் அடைபட்ட காற்று இரவு 25 டிகிரியில் இருந்து மதியம் 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் சுமார் 12 சதவீதம் கூடும். பகலில் கண்ணாடி வெளியே தள்ளும், இரவில் உள்ளே இழுக்கும், தினமும் ஓரத்துப் பியூட்டைல் இழுபடும். ஆனால் நான் கழற்றிப் பார்க்கிற ஜன்னல்களில் வெயில் மட்டும் கெடுத்தது குறைவு. கண்ணாடியின் அடி ஓரம் தண்ணீரில் ஊறிக் கிடந்திருக்கும், அதுதான் முதல் காரணம். யுபிவிசி பிரேமின் அடியில் மழைத் தண்ணீர் வெளியே போக நீளவாக்கில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதைச் சிமெண்ட் பூசும்போதும் பெயிண்ட் அடிக்கும்போதும் அடைத்துவிடுவார்கள், இல்லையென்றால் வெளியே ஒழுகுகிறது என்று சிலிக்கான் வைத்து அடைப்பார்கள். உங்கள் மங்கல் கீழ்ப்பாதியில் ஆரம்பித்ததாகச் சொல்கிறீர்கள், எனக்கு அங்கேதான் சந்தேகம். ஜன்னல் தண்டவாளத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, வெளியே போய் நின்று பாருங்கள், வழிகிறதா இல்லையா என்று.

பிரேமை மாற்றத் தேவையே இல்லை. கண்ணாடியைப் பிரேமோடு பிடித்திருக்கிற ஓரப் பட்டையை, அதாவது பீடிங்கைக் கழற்றி நடுவில் இருக்கிற கண்ணாடியை மட்டும் எடுத்துப் புதிது வைக்கலாம். முழு ஜன்னல் என்று சொல்கிறவருக்கு வேறு கணக்கு இருக்கும்.

சத்துவாச்சாரி அக்கா:

ஓட்டை போடுகிற ஆளிடம் கண்ணாடியைக் கொடுக்கும் முன் மூலையைப் பாருங்கள் தம்பி. எங்கள் அபார்ட்மெண்டில் ஹைவே பக்கம் பார்த்த வீடுகளில் பாதிப் பேர் சத்தத்துக்காக டபுள் கிளாஸ் போட்டிருக்கிறோம். மேல் வீட்டில் இதே மாதிரி மங்கி, யாரோ சொன்னார்கள் என்று ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் டிரில்லை வைத்து அழுத்திய இரண்டாவது நிமிஷம் டமால் என்று மொத்தக் கண்ணாடியும் கல்கண்டாக நொறுங்கிக் கீழே எங்கள் பால்கனியில் கொட்டியது, துணி காயப் போட்டிருந்த நேரம் வேறு. டஃபன்ட் (வலுவேற்றிய) கண்ணாடி என்று அப்புறம்தான் பேச்சு வந்தது. அந்த ஆள் "கண்ணாடி ஏற்கெனவே வீக்கு மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். நல்லவேளை குழந்தைகள் யாரும் அங்கே இல்லை.

கண்ணாடிக்காரர்:

அக்கா சொன்னதைக் கவனியுங்கள். டஃபன்ட் செய்த கண்ணாடியை அதற்குப் பிறகு வெட்டவும் முடியாது, துளைக்கவும் முடியாது. உலையில் சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்து, வெளிப்பரப்பை இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். அந்த இறுக்கம் ஓர் இடத்தில் உடைந்தால் மொத்தமும் போகும். மூலையில் சின்னதாகப் பொடி எழுத்தில் முத்திரை இருக்கும், தேடிப் பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடி என்றாலும் அந்த வேலை எனக்குப் பிடிக்காது. ஓட்டை வழியாக உள்ளே கழுவி உலர்த்திச் சின்ன அடைப்பான் வைப்பார்கள், பார்க்கத் தெளிவாகிவிடும், அது உண்மைதான். ஆனால் போன சீல் போனதுதான், நிரம்பிய மணிகள் நிரம்பியதுதான். நம் ஊரில் அடுத்த ஐப்பசி மழைக்கு எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள். உங்களுக்கு வெள்ளைக் கறை வேறு விழுந்துவிட்டது. அது ஈரம் காய்ந்து காய்ந்து விட்டுப்போன உப்பும் கண்ணாடி அரிப்பும். வெப்பத்தைத் திருப்பி அனுப்புகிற லோ-ஈ பூச்சு போட்ட கண்ணாடியாக இருந்தால் உள்ளே இருக்கிற வெள்ளிப் பூச்சே அரித்துப் புள்ளி புள்ளியாகிவிடும், அதை எந்தத் திரவமும் கழுவாது. பூச்சு இருக்கிறதா என்று பார்க்க இருட்டில் செல்போன் டார்ச்சைக் கண்ணாடிக்கு அருகில் பிடியுங்கள். நான்கு பிம்பம் தெரியும். நான்கும் ஒரே நிறம் என்றால் சாதாரணக் கண்ணாடி, ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் பூச்சு உண்டு. புதிது ஆர்டர் கொடுக்கும்போது இதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பக்கத்து ஜன்னலோடு நிறம் ஒத்துப் போகாது.

காந்திநகர்வாசி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை பார்த்தேன். மூலையில் முத்திரை இருக்கிறது, டஃபன்ட்தான். அதனால் ஓட்டை போடுகிற யோசனையை அப்பா காதில்கூடப் போடவில்லை. டார்ச் அடித்தால் நான்கும் ஒரே நிறம். தண்டவாளத்தில் தண்ணீர் ஊற்றினேன் அண்ணா, குளம் கட்டி நின்றது! வெளியே போய்ப் பார்த்தால் ஓர் ஓட்டையில் பெயிண்டர் பூசிய பட்டி, இன்னொன்றில் குளவி மண் கூடு கட்டிக் கச்சிதமாக அடைத்து வைத்திருக்கிறது. குச்சியால் குத்தி எடுத்ததும் கறுப்புத் தண்ணீர் வழிந்து சுவரெல்லாம் கோடு. பக்கத்து அறை ஜன்னலில் ஐஸ் வைத்துப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. அதன் ஓட்டைகள் திறந்திருக்கின்றன.

இப்போது ஆர்டர் கொடுக்கும்போது என்ன கேட்க வேண்டும்? அப்பா உடனே மாற்றணும் என்கிறார், எனக்கு இந்த மாதம் கொஞ்சம் பணமுடை.

பாகாயம் பெரியவர்:

தம்பி, அவசரம் ஒன்றும் கிடையாது. நான் பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன். 6 மில்லிமீட்டர் ஒற்றைக் கண்ணாடியில் வெப்பம் கடக்கும் அளவு 5.7 என்று வைத்துக்கொண்டால், நடுவில் 12 மில்லிமீட்டர் காற்று வைத்த இரட்டைக் கண்ணாடியில் அது 2.8 அளவுக்கு இறங்கும், ஏறக்குறைய பாதி. சீல் போனாலும் நடுவில் இருப்பது காற்றுதானே, அதனால் இந்தப் பாதி ஒரேயடியாகப் போய்விடாது. காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பியிருந்தால் அந்தக் கூடுதல் லாபம் மட்டும் போகும். ரயில் சத்தமும் முன்பு கேட்ட அளவுதான் கேட்கும். கண்ணுக்கு அசிங்கம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன், அப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். மேற்கு வெயில் நேரே கண்ணாடி வழியாக வருகிறதே, அதை வெறும் வெள்ளைக் கண்ணாடி இரண்டு இருந்தாலும் நிறுத்தாது. வெயில் உள்ளே வந்துவிட்டால் அது வெளியே போகிற வழியும் அடைபட்டுவிடும். சஜ்ஜாவை இன்னும் கொஞ்சம் நீட்டினாலோ, ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டாலோ அறையில் தெரிகிற வித்தியாசம் கண்ணாடி மாற்றுவதைவிடப் பெரிது. சீலும் நாலு வருஷம் கூடுதலாக உழைக்கும். வெளியேதான் தொங்கவிட வேண்டும். உள்பக்கம் கறுப்பு சன் பிலிம் ஒட்டிவிடாதீர்கள், கண்ணாடி இன்னும் சூடாகி ஓரத்துச் சீலை வதைக்கும், டஃபன்ட் இல்லாத கண்ணாடி என்றால் விரிசலே விடும்.

ஏலகிரி வாசல்:

இடையில் ஒன்று. எங்களுக்கு மலை மேல் காட்டேஜ். கீழே செய்த டபுள் கிளாஸை மேலே கொண்டு வந்து மாட்டினோம், நடுவில் தொப்பை வைத்துப் பார்க்கும் பிம்பமெல்லாம் வளைந்து தெரிகிறது, இப்போது ஒன்றில் ஓரத்தில் ஈரமும் தெரிகிறது. இதற்கும் நம் காந்திநகர்காரருக்கு வந்ததற்கும் ஒரே காரணமா?

கண்ணாடிக்காரர்:

ஏலகிரி அண்ணாவுக்கு: முடிவு ஒன்று, காரணம் வேறு. கீழே, கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் செய்து மூடிய கண்ணாடிக்குள் அந்த இடத்துக் காற்றழுத்தம் அடைபட்டிருக்கிறது. ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம், அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் பத்துப் பன்னிரண்டு சதவீதம் குறைவு. உள்ளே இருப்பது புடைத்துக்கொண்டு சீலை எப்போதும் தள்ளிக்கொண்டே இருக்கும், அதற்கு மேல் பகல் சூடு வேறு. மலைக்குப் போகிற கண்ணாடி என்று ஆர்டரிலேயே சொன்னால் ஓரத்தில் மெல்லிய நுண்குழாய் வைத்துச் செய்து தருவார்கள், மேலே கொண்டுபோய் அழுத்தம் சமனான பிறகு மாட்டலாம். வேலூர் சுமார் 200 மீட்டர்தான் என்பதால் காட்பாடிக்கு அது தேவையில்லை.

காந்திநகர் தம்பிக்கு. பெரியவர் சொன்னது எனக்கும் சரியாகப் படுகிறது, கையில் காசு வரும் வரை விடுங்கள், ஓட்டைகளைத் திறந்து வைத்தாயிற்று அல்லவா. ஆர்டர் கொடுக்கும்போது ஒன்றைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். நம் பக்கம் சில கடைகளில் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் அலுமினியப் பட்டையை வைத்து வெறும் சிலிக்கானால் ஒட்டி, டபுள் கிளாஸ் என்று கொடுத்துவிடுகிறார்கள். பியூட்டைல் கிடையாது, மணிகள் கிடையாது, இருந்தாலும் நாள் கணக்கில் திறந்து கிடந்து ஏற்கெனவே ஈரம் குடித்த மணிகள். அது ஒரு மழைக்காலத்தைத் தாங்கினால் அதிர்ஷ்டம். மெஷினில் செய்து கொடுக்கிற இடத்தில் வாங்குங்கள். வந்த கண்ணாடியை மாட்டும் முன் ஓரத்தைச் சாய்த்துப் பாருங்கள், பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கறுப்புக் கோடு நான்கு பக்கமும் விடாமல் ஓட வேண்டும், மூலையில் முக்கியமாக. அங்கே இடைவெளி தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாட்டும்போது கண்ணாடி பிரேமின் தரையில் நேரே உட்காரக் கூடாது. அடியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள் வைத்துத் தூக்கி வைக்க வேண்டும், அப்போதுதான் கீழே தண்ணீர் ஓட வழி இருக்கும், கட்டை போய் ஓட்டையை மறைக்கவும் கூடாது. ஓரத்தில் ஏதாவது பூச வேண்டுமென்றால் நியூட்ரல் சிலிக்கான்தான். டியூபைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற புளிப்பு வாடை அடித்தால் அதைத் தூர வையுங்கள். அந்த அமிலம் பியூட்டைலோடு ஒத்துப்போகாது, புதுக் கண்ணாடியின் சீலையே தின்றுவிடும்.

சத்துவாச்சாரி அக்கா:

பில் இருக்கிறதா தம்பி? கண்ணாடி சீலுக்குத் தனியாக வாரண்டி எழுதியிருப்பார்கள், சில இடங்களில் பத்து வருஷம்கூடப் போடுகிறார்கள். ஸ்பேசர் பட்டையில் சில நேரம் செய்த தேதியே அச்சடித்திருக்கும், அதைப் போட்டோ எடுத்து வையுங்கள், மங்கலாக இருக்கும்போது ஒரு போட்டோவும். வாரண்டி இருந்தும் ஆள் அலைக்கழித்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சத்துக்குள் வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை தெரிந்ததில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் ஓட்டையை அடைத்தது உங்கள் பெயிண்டர் என்று அவர்கள் பிடித்துக்கொள்வார்கள், அதையும் எதிர்பார்த்துப் பேசுங்கள்.

காந்திநகர்வாசி:

பில் அப்பாவின் பீரோவில் இருக்க வேண்டும், தேடச் சொல்கிறேன் அக்கா. தட்டிக்கு இன்றே லாங் பஜார் போகிறேன். அண்ணா, கடைசியாக ஒன்று, அளவை நானே எடுத்துக் கொடுக்கலாமா, இல்லை அவர்களே வந்து எடுக்க வேண்டுமா?

கண்ணாடிக்காரர்:

அவர்களே எடுக்கட்டும். டஃபன்ட் வந்த பிறகு ஒரு நூல்கூடக் குறைக்க முடியாது, நீங்கள் கொடுத்த அளவு தப்பினால் செலவு உங்கள் தலையில் விழும். நீங்கள் குறித்துக் கொடுக்க வேண்டியது மொத்தத் தடிமன் மட்டும். கண்ணாடி, நடு இடைவெளி, கண்ணாடி என்ற வரிசையில் 5, 12, 5 என்றால் 22 மில்லிமீட்டர், 6, 12, 6 என்றால் 24. பழையது 22 ஆக இருந்து 24 வந்தால் பீடிங் உட்காராது. பீடிங்கைக் கழற்றி ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள், நீளமான பக்கத்தின் நடுவில் பட்டிக் கத்தியைக் கொடுத்து நெம்பினால் வந்துவிடும், மூலையில் இருந்து ஆரம்பிக்காதீர்கள், ஒடியும். கண்ணாடி சாயாமல் ஓர் ஆள் பிடித்துக்கொள்ளட்டும், இரட்டைக் கண்ணாடி நினைப்பதைவிடக் கனம்.